சம்பந்திக் கோடு

அவள் பேரை நான் சொல்லப்போவதில்லை. மாற்றுப் பேர் வைத்துச் சொல்லலாம் என்றால் அதற்கும் துணிச்சல் இல்லை. முன்பு ஒருத்தன் அப்படி வைத்துவிட்டுப் போனதில் எங்கள் தெரு பட்ட பாடு எனக்குத் தெரியும்.

கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்த பையன் அவன். அவளிடம் உட்கார்ந்து பொழுது சாயும்வரை கேட்டு எழுதிக்கொண்டு போனான். பிற்பாடு மறக்காமல் ஒரு புத்தகமும் கொண்டுவந்து கொடுத்தான். அவளுக்கு எழுத்து சுத்தமாக வராது. எனக்குக் கூட்டிப் படிக்க வரும். கைநாட்டு வைக்கிறவள் இல்லை நான், கையெழுத்துப் போடுகிறவள். ஆகவே நான்தான் விரலை ஓட்டி ஓட்டிப் படித்தேன். "செல்வி என்பவர் கூறுகிறார்" என்று வந்தது.

"யாருடி அந்த செல்வி?" என்றாள்.

"நீதான்க்கா. பேர மாத்திப் போட்டுருக்காங்க. ஒனக்கு ஒண்ணும் கெடுதல் வந்துரக் கூடாதாம்."

"நான் சொன்னதெல்லாம் எவளோ சொன்னாப்புல போட்டுட்டான். இதவிட எனக்கு என்னா கெடுதல் வரணும்?"

அதோடு விட்டாளா? பால் திரிந்தால் செல்வி, துணி காயாமல் மழை வந்தால் செல்வி. "நான் பாடுபட்டு வாயத் தொறந்தேன், பேரு வாங்கிக்கிட்டுப் போனவ அவ" என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னாள். உண்மையாகவே செல்வி என்று பேர் கொண்ட ஒருத்தி நாலு வீடு தள்ளிக் குடிவந்தபோது, பாவம், அவளுக்கு என்ன குற்றம் செய்தோம் என்றே புரியவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் எங்கள் தெரு. அவளும் நானும் ஒரே பொம்மைக் கம்பெனியில் வேலை செய்தோம். அச்சிலிருந்து எடுத்த, வேகாத பச்சைப் பொம்மையைச் சீவிச் சுத்தம் செய்வது அவள் வேலை. சூளையில் வெந்து வந்த பொம்மைக்குக் கண் எழுதுவது என் வேலை. கண் எழுதுவதில் அன்றும் சரி இன்றும் சரி, என்னை மிஞ்சியவள் இந்தப் பேட்டையில் கிடையாது. இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை.

எங்கள் ஊருக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வருவது வழக்கம். மண்ணைப் பார்க்க வருவார்கள். கோயில் கல்வெட்டுக்கு வருவார்கள். முந்திரிப் பூச்சிக்கு வருவார்கள். மணிமுத்தாற்றுத் தண்ணீருக்கு வருவார்கள், ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமலே வருவார்கள். பீங்கான் தூசி நெஞ்சுக்குள் போகிறதா என்று கேட்க ஒருத்தர், சீரியல் பார்க்கும் மருமகள்கள் அதிகமாகச் சண்டை போடுகிறார்களா என்று கேட்க ஒருத்தர். ஒருவர் படிப்புக்கும் இன்னொருவர் படிப்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வந்து சேரும் இடம் மட்டும் ஒன்றுதான். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் முதலில் நிழல் விழுகிற இடம் அவள் வாசல் வேப்பமரம்.

என் வீடு அதற்கு நேர் எதிரே. அங்கேயும் வந்தார்கள், ஆரம்பத்தில். கேட்டதற்குத் தெரிந்தால் சொன்னேன், தெரியாததற்குத் தெரியாது என்றேன். அதற்கப்புறம் ஒருவரும் வரவில்லை.

அவள் வாயில் தெரியாது என்ற சொல் வராது. எதைக் கேட்டாலும் பதில் உண்டு. வந்தவர்களை முதலில் உட்காரவைப்பாள். "இருங்க, மோர் எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போவாள். மோர் என்பது சாக்கு. நான் ஒருமுறை பின்கட்டு வழியாகப் போனபோது பார்த்தேன். மோர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. வெளியே வரும்போது ஒரு கையில் டம்ளர் இருந்தது, வாயில் பதில் இருந்தது.

"எதுக்குக்கா இப்டிப் புளுகற?" என்று கேட்டிருக்கிறேன்.

"புளுகு இல்லடி. அந்தப் புள்ளைங்க வேகாத வெயில்ல வந்து கேக்குது. தண்ணி கேட்டா வூட்ல தண்ணி இல்லன்னுவியா? இதுவும் அப்டித்தான். வெறுங்கையா அனுப்பக் கூடாது."

கொசு ஆராய்ச்சிக்கு வந்தவர் எந்தக் கொசு அதிகம் கடிக்கிறது என்று கேட்டார். மோர் எடுத்து வந்து, "பொம்பளக் கொசுதான் சார். ஆம்பளக் கொசு எங்க வூட்டுக்காரர் மாதிரி, சும்மா சுத்தி வரும்" என்றாள். அந்த ஆள் அசந்துபோய்விட்டார். அது உண்மையாம்! குத்துமதிப்பாகச் சொன்னது சரியாகப் போனதில் அவளுக்கு வந்த தைரியம் அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

கனவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒரு தம்பி வந்தான். அவளுக்குக் கனவே வராது, படுத்தால் கட்டை. ஆனால் கேட்டு வந்துவிட்டானே. முந்தின நாள் சீரியலை அப்படியே எடுத்துவிட்டாள். பெரிய பங்களா, படிக்கட்டு, மாடியிலிருந்து ஒரு பெண்ணை யாரோ தள்ளப் பார்க்கிறார்கள். தம்பி பக்கம் பக்கமாக எழுதினான். படிக்கட்டுக்கு உள்ளர்த்தம் இருக்கிறது என்றான். மறு வாரமும் வந்து, "அந்தக் கனவு மறுபடி வந்துச்சாம்மா?" என்று கேட்டான்.

"எங்க தம்பி, வெள்ளிக்கெழம பாக்கலாம்னு இருந்தேன், கரண்ட்டு போயிருச்சி" என்றாள்.

அவன் பேனாவை மூடிக்கொண்டு போனதை நான் எதிர் வாசலில் இருந்து பார்த்தேன். சிரிப்பை அடக்க வீட்டுக்குள் போக வேண்டியதாயிற்று.

தாலாட்டு சேகரிக்க வந்த டீச்சரம்மாவுக்கு, ஒரு தாலாட்டும் நினைவு வராமல், உள்ளே போய்வந்து இப்படிப் பாடினாள்:

"அச்சுக்குள்ள படுத்தவனே, ஆராரோ,
சூளச்சூட்டில் செவந்தவனே, ஆரிரரோ,
வெந்து வந்த ராசாவுக்கு, ஆராரோ,
வெரிசல் மட்டும் வுழலியே, ஆரிரரோ."

டீச்சரம்மா கண் கலங்கிவிட்டார். எனக்குத்தான் கோபம். ராசாவுக்குக் கண் எழுதினவளைப் பற்றி ஒரு வரி உண்டா?

இப்படியே போயிருக்கும். ஒரு கோட்டில் வந்து மாட்டிக்கொண்டாள்.

பேச்சு வழக்கை ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். பெண்ணாடம் பக்கத்துப் பெண், ஒல்லியாக, எப்போதும் தோளில் ஒரு பை. பீங்கான் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் என்ன வார்த்தை பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறாளாம். போனைப் பக்கத்தில் வைத்துப் பேச்சைப் பதிவு செய்தாள். பதிவு என்றதும் நம்மவள் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டாள். "எங்கள் வீட்டில் நாங்கள் காலையில் உணவு உண்போம்." அந்தப் பெண்ணுக்கு முகம் தொங்கிப்போயிற்று. நல்லவேளையாக ஒரு பூனை சமையல்கட்டில் நுழைந்தது. "ஏய் சனியனே! வூட்டுக்குள்ளாரயா பூந்துட்ட? இரு, வெளக்குமாத்த எடுத்துட்டு வரேன்!" என்று அவள் கத்த, அந்தப் பெண் போனைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் பூனைக்குப் பின்னாலேயே ஓடினாள்.

அப்புறம் கம்பெனிக்கும் வந்தாள். எங்கள் வேலையில் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். சைக்கிள் டியூபை வெட்டின ரப்பரால் இரண்டையும் இறுக்கிக் கட்டி, உள்ளே மண்கூழை ஊற்றுவோம். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் பொம்மை மேல் ஒரு வரப்பு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். அந்தப் பெண் அதைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு உங்க பேச்சுல என்னம்மா பேரு?" என்று கேட்டாள்.

அதற்குப் பேர் கிடையாது. லைன் என்போம், கோடு என்போம். என்னிடம் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவளிடம் கேட்டாள். "சாயங்காலம் வூட்டுக்கு வா பாப்பா, சொல்றேன்" என்றாள் அவள். சாயங்காலம் மோர் எடுக்கப் போய், வழக்கத்தைவிட அதிக நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, வந்து சொன்னாள்.

"சம்பந்தி."

"சம்பந்தியா?"

"சம்பந்திக் கோடும்போம். ரெண்டு பக்கத்தையும் எவ்ளோதான் இறுக்கிக் கட்டினாலும் நடுவுல ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்கும்ல? அதான்."

அந்தப் பெண் துள்ளிக் குதித்தாள். உறவு முறையைத் தொழிலுக்கு வைத்திருக்கிறார்கள், எத்தனை காலத்து வார்த்தையோ என்றாள். "ரொம்பக் காலத்து வார்த்த பாப்பா" என்று இவளும் ஒத்து ஊதினாள்.

கொஞ்ச நாளில் அந்தப் பெண் அழுதுகொண்டே வந்தாள். மோர் வேண்டாம் என்றாள். அவள் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் ஆராய்ச்சியையே கட்டியிருந்தாள். அவளுடைய பேராசிரியர் வேறு ஊர்ப் பீங்கான்காரர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்துவிட்டார், ஒருவருக்கும் இந்தச் சொல் தெரியவில்லை. அவரே நேரில் வந்து கேட்கப்போகிறார். சொல் பொய் என்றால் எழுதினதெல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"படிப்பு முடிஞ்சாத்தான் கல்யாணம்னு சொல்லி எங்க வீட்ல தள்ளி வெச்சிருக்காங்கம்மா. மாப்பிள்ள வீட்ல ஏற்கெனவே மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்காங்க. இன்னொரு வருஷம்னா வேற எடம் பாத்துக்கறோம்னுருவாங்க. இங்க எல்லாரும் அந்த வார்த்தையச் சொல்றாங்கல்லம்மா?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"சொல்லாம? எல்லாரும் சொல்லுவாங்க. தைரியமாப் போ" என்றாள்.

மறுநாள் கம்பெனியில் ஒவ்வொரு மேசையாகப் போனாள். "இன்னிலேருந்து இதுக்குப் பேரு சம்பந்தி. ஒரு பொண்ணு வாழ்க்கடி. மறந்து லைனுன்னு எவளாவது சொன்னீங்க, அப்புறம் இருக்குது."

மிரட்ட வேண்டிய தேவையே வரவில்லை. சம்பந்தி இல்லாத வீடு எது? முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். "எங்க சம்பந்தி இன்னிக்கு ஒழுங்கா இருக்குது, கத்தியே வாணாம்." "இந்தச் சம்பந்திய எவ்ளோ சீவினாலும் மறுபடி தலையத் தூக்குதுடி." சீவுகிற பெண்கள் சிரித்துக்கொண்டே வேலை செய்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். சூப்பர்வைசர்கூட லைன் என்பதை விட்டுவிட்டார்.

அந்த வினை என் தலையில்தான் விடிந்தது. என் மகளைக் கருவேப்பிலங்குறிச்சியில் கொடுத்திருக்கிறேன். சம்பந்தியம்மா நல்ல மனுஷி, கொஞ்சம் கனத்த உடம்பு. ஊருக்கு வந்தவர்கள், ஒரு பை நிறைய மல்லாட்டை, வேர்க்கடலைதான், எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்கக் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் உள்ளே கால் வைக்கவும் சூப்பர்வைசர் கத்தவும் சரியாக இருந்தது.

"யாரும்மா அங்க? சம்பந்தி ரொம்பத் தடிச்சிருக்குது பாரு! கத்தியப் போடு!"

சம்பந்தியம்மா நின்றார்கள். சூப்பர்வைசரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பையோடு திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்கள். நான் தூரிகையும் கையுமாகப் பின்னாலேயே ஓடினேன். "அது பொம்மைங்க, பொம்மையச் சொன்னாங்க!" என்றேன்.

"ஆமா, நான் பொம்மதான்" என்று சொல்லி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். மல்லாட்டையும் போயிற்று.

நான் நேராகப் போய் இவளைப் பிடித்தேன். "நீ வெறுங்கையா அனுப்ப மாட்ட. என் சம்பந்திய வெறும் வயித்தோட அனுப்பிட்டியே!" என்று கத்தினேன். "வுடுடி, கல்யாணம் முடியட்டும், நானே போயி சமாதானம் பண்றேன்" என்றாள். நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன்.

பேராசிரியர் வந்த அன்று நாங்கள் பேசாமல்தான் இருந்தோம். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, அதிகம் பேசாத மனிதர். பின்னால் அந்தப் பெண், வெளுத்த முகத்தோடு. எங்கள் ஆட்களுக்கு அளவு தெரியவில்லை. அவர் நுழைந்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். பொம்மையில் சம்பந்தி, கப்பில் சம்பந்தி, டீ கொண்டுவந்தவள் டம்ளரைத் தூக்கி, "இந்த டம்ளர்லகூட சம்பந்தி இருக்குது சார்" என்றாள். அது எவர்சில்வர் டம்ளர்.

அவர் சூளைப் பக்கம் போனார். அங்கே பேட்டை திறந்த காலத்திலிருந்து வேலை செய்யும் சூளைக்காரர் நின்றிருந்தார்.

"நீங்களும் சம்பந்தின்னுதான் சொல்லுவீங்களா?"

"ஆமாங்க சார். சம்பந்திதான்."

"எப்பலேருந்து?"

"போன மாசத்துலேருந்து சார்."

அந்தப் பெண் பக்கத்தில் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாருடைய கண்ணும் போன திசையில் அவரும் பார்த்தார். அங்கே இவள் நின்றாள், கையில் ஒரு பாதி சீவின பிள்ளையார்.

"இந்த வார்த்த எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"இருங்க சார், மோர் எடுத்துட்டு…" என்றவள் நின்றுவிட்டாள். கம்பெனியில் ஏது மோர்? ஏது சமையல்கட்டு? சுற்றிலும் பார்த்தாள். பார்க்கிற சுவரில் எல்லாம் பொம்மைகள், அத்தனையும் நான் எழுதின கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நான்தான் சார் வெச்சேன்" என்றாள். "அந்தப் பாப்பா வெயில்ல வந்து கேட்டுது. பேரு இல்லன்னு எப்டி சார் சொல்றது? அதும்மேல தப்பு ஒண்ணும் இல்ல. எல்லாம் நான் சொன்னதுதான்."

"அப்ப இது பொய் வார்த்த" என்றார் அவர், அந்தப் பெண்ணைப் பார்த்து.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. அவளோடு பேசாமல் இருந்தவள் நான், கோபத்தில் இருந்தவள் நான். தூரிகையை வைத்துவிட்டு எழுந்தேன்.

"என்னா சார் பொய் வார்த்த? இந்த வார்த்தையக் கேட்டுட்டு எங்க சம்பந்தியம்மா மல்லாட்டப் பையோட திரும்பிப் போயிட்டாங்க. இன்னும் எங்கூடப் பேசல. பொய் வார்த்தைக்கு ஆராச்சும் கோவிச்சிக்குவாங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். தடித்தது, கத்தி, பஸ், ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதியிலேயே அவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. சூளைக்காரரிடம் திரும்பி, "நீங்க ஏன் சொல்றீங்க, இந்தம்மா சொல்லச் சொன்னாங்கன்னா?" என்று கேட்டார்.

"மொதல்ல அதுக்குத்தான் சார். அப்புறம் எங்க சம்பந்தி ஞாபகம் வந்துருச்சி. இனிமே லைனுன்னு சொல்லச் சொன்னாலும் வாய் வராது."

பேராசிரியர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். "பழைய வார்த்தைன்னு எழுதினத அடிச்சுடு. அது தப்பு. இன்னிக்கு இங்க கேட்டத எழுது. ஒரு வார்த்த பொறந்து நடக்கறத நான் இவ்ளோ கிட்டத்துல பாத்ததில்ல. மல்லாட்டையையும் விட்டுறாத." அந்தப் பெண் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் ஒன்றாக இருந்தது.

கிளம்பும்போது இவளிடம், "உங்க பேரப் போட்டுரச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார்.

எவ்வளவு காலமாகக் காத்திருந்தவள்! யோசித்தாள். "வாணாம் சார். என் பேரு வந்தா எனக்கும் ஒரு சம்பந்தி இருக்குது, அவ சண்டைக்கு வந்துருவா. செல்வின்னு மட்டும் போட்டுராதீங்க."

அந்தப் பெண் திருத்தி எழுதிப் பட்டம் வாங்கினாள். கல்யாணம் ஸ்ரீமுஷ்ணத்தில் நடந்தது. மண்டபத்தில் பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் உட்கார, நடுவில் ஒரு வரிசை நாற்காலி காலியாகக் கிடந்தது. இவள் என் விலாவில் இடித்தாள். "பாத்தியாடி, கோடு!" பந்தி முடிந்ததும் சொன்னபடி என்னோடு கருவேப்பிலங்குறிச்சிக்கு வந்து, என் சம்பந்தியம்மாவிடம் பேசிச் சமாதானமும் செய்தாள். என்ன சொல்லிச் செய்தாள் என்று கேட்காதீர்கள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தபோது சொன்னது. அன்றிலிருந்து என் சம்பந்தியம்மா, அந்தக் கோடுதான் பொம்மைக்கே உயிர்நாடி என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறார்கள்.

அவள் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. பேட்டையில் இப்போது புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாம் சம்பந்தி என்றுதான் சொல்கிறார்கள். யார் வைத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் காலத்துக்கும் முந்தின வார்த்தை என்கிறாள் ஒருத்தி.

போன வாரம் ஒரு பையன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான். வேப்பமர நிழலில் நின்று பூட்டைப் பார்த்தான், பிறகு தெருவைத் தாண்டி என் வாசலுக்கு வந்தான். நத்தையைப் பற்றி ஆராய்ச்சியாம். டப்பாவைத் திறந்து ஒன்றைக் காட்டினான். சட்டை முழுக்க வேர்வை.

"இந்த நத்தைக்கு உங்க ஊர்ல என்னம்மா பேரு சொல்லுவாங்க?"

நத்தையை நத்தை என்போம். வேறு பேர் இருந்தால் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் நாக்கு வறண்டு நின்றான். எதிரே பூட்டின கதவு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உக்காரு தம்பி" என்றேன். "மோர் எடுத்துட்டு வரேன்."